மோதிரத்தைக் கழற்றச் சொன்ன போர்

பாசிசம், அதாவது தேசவெறியை மூட்டி ஆளும் சர்வாதிகாரம், ஒரு நாட்டைப் போருக்குள் எப்படி இழுக்கும் என்று கேட்டால், ஹிட்லருக்கு முன்பே இத்தாலியின் முசோலினியைத்தான் சொல்வேன். 1922ல் பதவிக்கு வந்தவர். ரோமப் பேரரசை மீட்போம் என்று ஜனங்களை உசுப்பேற்றியே ஆண்டார். அப்படிப்பட்ட ஆட்சி ஒரு கட்டத்தில் போரைத் தேடித்தான் ஆக வேண்டும். 1896ல் அத்வா போரில் எத்தியோப்பியாவிடம் இத்தாலி தோற்ற அவமானத்தை வேறு கிளறிவிட்டார்கள். 1935 அக்டோபர் 3, போர் அறிவிப்புகூட இல்லாமல் இத்தாலியப் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது.

அந்த டிசம்பர் 18ஐ நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. ரோமில் அரசி எலெனா தன் திருமண மோதிரத்தைக் கழற்றிப் போருக்காக நாட்டுக்குக் கொடுத்தார். பின்னாலேயே பெண்கள் வரிசை. வேறு பொட்டுத் தங்கம் இல்லாதவர்களும் கொடுத்தார்கள். பதிலுக்கு விரலில் ஓர் எஃகு மோதிரம்.

அந்தப் பக்கம் எத்தியோப்பியர்கள் மீது விமானத்திலிருந்து கடுகு வாயு, உடம்பைப் பொசுக்கும் நச்சு. அதைத் தடை செய்த 1925 ஜெனீவா ஒப்பந்தத்தில் இத்தாலியும் கையெழுத்திட்டிருந்தது! ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை போட்டது, சரி. ஆனால் பெட்ரோலியத்தை அதில் சேர்க்கவில்லை. இத்தாலியக் கப்பல்கள் எத்தியோப்பியப் போருக்குப் போகும் வழியான சூயஸ் கால்வாயும் திறந்தே கிடந்தது. எனக்கு ஆத்திரம் பொங்குவது இங்கேதான். 1936 ஜூனில் பேரரசர் ஹைலே செலாசி ஜெனீவாவில் நியாயம் கேட்க எழுந்தபோது, இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசிலடித்துக் கூச்சல் போட்டார்கள்.

அப்புறம் ஸ்பெயின், அல்பேனியா, 1940ல் பிரான்ஸ், கிரீஸ். கிரீஸ் எல்லை மலைகளில், குளிருக்கேற்ற காலணிகூட இல்லாமல் அனுப்பப்பட்ட இத்தாலியச் சிப்பாய்களுக்குப் பனியில் கால் அழுகியது. 1943 ஜூலையில் முசோலினியின் சொந்தப் பாசிசப் பேரவையே அவருக்கு எதிராக வாக்களித்தது. செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும், அதுவரை கூட்டாளியாக இருந்த ஜெர்மன் படை ரோமைப் பிடித்துக்கொண்டது.