30 லிட்டர் தண்ணீரில் யார் யாரோடு இருப்பது?

போன சனிக்கிழமை அக்கா மகன் பாசார் மாலாமிலிருந்து (இரவுச் சந்தை) நேராக என் வீட்டுக்கு வந்தான். கையில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பை, உள்ளே நான்கு நியான் டெட்ரா, இரண்டு கப்பி, ஐந்து சிவப்பு இறால், மஞ்சள் நத்தை ஒன்று. இன்னொரு சின்னப் பையில் பைட்டர் மீன் தனியாக.

"மாமா, எல்லாத்தையும் ஒரே தொட்டியில விடலாந்தானே? கடையில விடலாம்னு சொன்னாங்க."

ஆறு வருடத்துக்கு முன் நானும் இதே மாதிரி ஒரு பையோடு வீட்டுக்கு வந்தவன்தான். மறுநாள் காலையில் இறால் ஒன்றைக்கூடக் காணவில்லை, ஒரு மாதத்தில் நத்தையும் போனது. இத்தனைக்கும் சண்டை ஏதும் நடந்ததாகக் கண்ணில் படவில்லை. அதனால் அவனை உட்கார வைத்துச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன், சின்னத் தொட்டி வைக்க நினைக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் அளவு. என் தொட்டி 45 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம், 30 உயரம். கணக்குப்படி 37 லிட்டர் சொச்சம் வரும், மண்ணும் கட்டையும் செடியும் போக உண்மையான தண்ணீர் 30 லிட்டர்தான். இதில் எது எதைக் கடிக்கும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதற்கு முன்னால் கேட்பது, இரண்டுக்கும் ஒரே தண்ணீர் ஒத்துவருமா என்று. கடிக்கிறதைப் பார்த்தால் பிரித்து வைக்கலாம், தண்ணீர் ஒத்துவராதது கண்ணுக்குத் தெரியாமலே வாரக்கணக்கில் கொல்லும்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா, பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், அதைத் தாண்டினால் ராஜா மூசா காட்டுப் பக்கத்துச் சதுப்பு நிலம். அங்கே ஓடும் தண்ணீர் தேஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் இருக்கும், புளிப்புத் தண்ணீர், பிஎச் 4-க்குப் பக்கத்தில் நிற்கும், சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட கிடையாது. 1992-இல் பெயர் வைக்கப்பட்ட பெட்டா லிவிடா என்ற சண்டை மீன் இந்த வட சிலாங்கூர் சதுப்புக் காட்டு மீன், வேறெங்கும் கிடையாது. (அழியும் ஆபத்தில் இருக்கிறது, தயவுசெய்து வலையோடு போகாதீர்கள். காட்டில் தண்ணீர் வற்றித் தீப்பிடிப்பதே அதற்குப் போதும்.) அப்பா சின்ன வயதில் லயத்துப் பின்னால் கால்வாயில் மீன் பிடித்து, கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போட்ட போத்தலில் வைத்திருப்பாராம். அந்த இலைச்சாறு இந்த ஊர் மீன்களுக்கு வீட்டுத் தண்ணீர் மாதிரி.

இறாலுக்கு அந்தச் சுண்ணாம்பில்லாத புளிப்புத் தண்ணீர் எமன். சிவப்பு செர்ரி இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுப் புது ஓடு கட்டும், அதற்குத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும். குறைந்தால் முதுகில் கழுத்துப் பக்கம் வெள்ளை வளையம் போல ஒரு வெடிப்பு விழும், ஓடு பாதியில் சிக்கிக்கொள்ளும், மறுநாள் செத்துக் கிடக்கும். நத்தைக்கு இன்னும் வெளிப்படையாகத் தெரியும்: ஓட்டின் பழைய பகுதி, அந்தச் சுருளின் நுனி, முதலில் வெளுத்து அப்புறம் குழிகுழியாகக் கரையும். என் முதல் நத்தை அப்படித்தான் போனது, நான் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு என் வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது ஜிஎச் (தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று காட்டும் அளவு) 2-தான் காட்டியது. செர்ரி இறாலுக்கு 6, 7 இருந்தால் நிம்மதி. இப்போது பவளக்கல் துண்டு ஒரு கைப்பிடியைத் துணியில் கட்டி பில்டர் பக்கத்தில் போட்டிருக்கிறேன், வாரம் ஒருமுறை இறாலுக்கான தாது உப்பும் கொஞ்சம்.

அப்புறம் சூடு. தகரக் கூரை வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தொட்டியில் 31 டிகிரி காட்டும். அந்தச் சூட்டில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், இறால் மேலே ஏறி வரும். கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைத் தண்ணீர் மேல் காற்றடிக்க வைத்தால் 28-க்கு இறங்குகிறது. இந்தச் சூட்டினாலேயே படத்தில் பார்த்து ஆசைப்பட்ட பல மீன்களை நான் விட்டுவிட்டேன். 2006-இல் மியன்மாரில் கண்டுபிடித்த செலஸ்டியல் பேர்ல் டேனியோ எவ்வளவு அழகு, ஆனால் அது குளிர்ந்த மேட்டுநிலத்து மீன். நியானும் நம் சூட்டுக்கு வாடும், அதோடு அது கூட்டமாக நீந்த 60 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும்.

தண்ணீரும் சூடும் ஒத்துவந்த பிறகுதான் வாய். வாய்க்குள் போகிற எதையும் மீன் தின்னும், இதில் சாது மீன் என்று ஒன்று கிடையாது. பைட்டர் பெரிய இறாலையே துரத்திக் காலைப் பிய்க்கும். கப்பி குட்டி இறாலைத் தின்பதோடு நாலு வாரத்துக்கு ஒரு தடவை குட்டியும் போடும், 30 லிட்டர் மூன்றே மாதத்தில் நிரம்பிவிடும். குட்டி இறால் ஒன்றுகூடப் போகக் கூடாது என்றால் மீனே வேண்டாம்.

எனக்கு இரண்டும் வேண்டும் என்பதால் தேர்ந்தெடுத்தது போராராஸ் மாகுலாத்துஸ், நம் தீபகற்பத்து மீன்தான். முழு வளர்ச்சியே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர், உடம்பில் மூன்று கறுப்புப் புள்ளி. ராஸ்போரா என்ற பெயரின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டதுதான் போராராஸ். வயிற்றுப் பக்க முதுகெலும்புக்கும் வால் பக்க முதுகெலும்புக்கும் உள்ள விகிதம் இதில் ராஸ்போராவுக்குத் தலைகீழாக இருப்பதால் 1993-இல் அப்படி வைத்தார்கள். புளிப்புத் தண்ணீர் மீன்தான் என்றாலும் பிஎச் 6.8-இல் என்னிடம் பத்து மீன் மூன்று வருடமாக நன்றாக இருக்கின்றன. அதன் வாய்க்கு அன்று பொரித்த இறால்குஞ்சு அகப்படும், ஒரு வாரம் ஆனதை விழுங்க முடியாது. அந்த ஒரு வாரம் ஒளிய இடம் இருந்தால் போதும், அதனால் தொட்டியில் பாதி பாசிச் செடி (மோஸ்). காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் பில்டர் போட்டால் குஞ்சு உள்ளே இழுபடாது, ஸ்பாஞ்சிலேயே மேயும்.

நத்தைக்கு நெரைட் ஒன்று. கண்ணாடியைச் சுத்தமாக வைக்கும், வெள்ளை முட்டை ஒட்டி வைத்தாலும் நன்னீரில் குஞ்சு பிழைக்காது. அமானோ இறாலும் கண்ணாடியில் படியும் பச்சைப் பாசி (ஆல்கா) தின்னக் கெட்டிதான், அதன் குஞ்சுக்கும் உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும், பெருகும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: மீன் மருந்தில் செம்பு இருக்கிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். மீனைக் காப்பாற்றும் அந்த அளவே இறாலைத் துடைத்துவிடும்.

சரி, அக்கா மகன் பை என்ன ஆனது என்றால், பைட்டருக்கு வேறு தொட்டி கொடுத்தேன், அப்பா மாதிரியே கெத்தாப்பாங் இலை போட்டு. நியானும் கப்பியும் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குப் போயின, 5 சென்டிமீட்டர் வரை வளரும் அந்த நத்தையும்தான். இறால் ஐந்தையும் என் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டுப் பழக்கி உள்ளே விட்டோம். அவன் தொட்டி இன்னும் காலி, பாசியும் பில்டரும் மட்டும் ஓடுகின்றன, மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம். அந்த ஐந்தில் ஒரு பெண் இறால் வயிற்றடியில் மஞ்சள் முட்டை சுமந்துகொண்டு பாசிக்குள் நின்றது, நீச்சல் கால்களால் விசிறி விசிறி முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தது. மூன்று வாரத்தில் பொரியும், அரிசி நுனி அளவுக்கு, அம்மாவின் அதே உருவத்தில். அவன் சுவரில் தொங்கும் காலண்டரில் தேதியைச் சுழித்துவிட்டுப் போயிருக்கிறான்.