பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிய பிறகு நோட்ஸைத் திறங்கள்

முதல் செமஸ்டர் தொடங்கும் நாட்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்ட நோட்ஸ் கட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகள் பஸ் பிடிக்கும் அவசரத்தில் அவற்றை வாங்கிச் செல்கிறார்கள். அந்தக் கட்டு எந்த ரெகுலேஷனுக்கு, அதாவது பல்கலைக்கழகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் எந்த விதிமுறைக்கு, எழுதப்பட்டது என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பொறியியல் படிக்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: பாடத்திட்டமும் அதற்கான விதிமுறையும் கைக்கு வரும்வரை எந்த நோட்ஸையும் நம்பாதீர்கள்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பு பெற்ற ஒரு கல்லூரியில் 2021 ரெகுலேஷனில் படித்தேன். எங்களுக்கு முந்தையது 2017, அதற்கும் முந்தையது 2013. பாடத்தின் குறியீட்டைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். முதல் செமஸ்டர் கணிதம் 2013இல் எம்ஏ 6151, 2017இல் எம்ஏ 8151, 2021இல் எம்ஏ 3151. எண் மட்டும் மாறவில்லை, உள்ளடக்கமும் மாறியது. 2017 பாடத்திட்டத்தில் ஐந்தாவது யூனிட்டாக வகைக்கெழுச் சமன்பாடுகள் இருந்தன. அணிகள் (மேட்ரிக்ஸ்) இரண்டாம் செமஸ்டரில்தான் வரும். 2021இல் அணிகள் முதல் செமஸ்டரின் முதல் யூனிட்டாகவே வந்துவிட்டன. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழன் அண்ணன் கொடுத்த பழைய நோட்ஸை வைத்துக்கொண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளை இரவெல்லாம் போட்டுப் பழகினான். தேர்வில் அதிலிருந்து ஒரு கேள்விகூட வராது. அவன் தொடாமல் விட்ட அணிகளிலிருந்தோ இரண்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டும் பதினாறு மதிப்பெண் கேள்வி ஒன்றும் வரும். நூற்றில் இருபது! நல்லவேளையாக முதல் உள்தேர்வுக்கு முன்பே இது தெரியவந்தது.

ஆகவே பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து நீங்களே பதிவிறக்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த பிடிஎஃப் என்றால் முதல் பக்கத்தில் ரெகுலேஷன் ஆண்டையும், பிறகு ஒவ்வொரு பாடத்தின் குறியீட்டையும் சரிபாருங்கள். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. அங்கே படிப்பவர்களுக்கு இணைப்புக் கல்லூரி நண்பனின் பிடிஎஃப் பயன்படாது. இரு மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளில் படிப்பவர்கள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கும் சேர்ந்த ஆண்டுதான் முக்கியம்.

பாடத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் எல், டி, பி, சி என்ற நான்கு எழுத்துகளும் அவற்றின் கீழே எண்களும் இருக்கும். விரிவுரை, பயிற்சி வகுப்பு, செய்முறை, கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் எண்) என்று பொருள். மூன்று கிரெடிட் பாடம் என்றால் பெரும்பாலும் மொத்தம் 45 பீரியடுகள், யூனிட்டுக்கு ஒன்பது. இந்த ஒன்பது என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் மூன்றே வகுப்பில் முடிந்துவிட்டது என்றால், எதையெல்லாம் தாண்டிப் போயிருக்கிறார்கள் என்று தலைப்பு தலைப்பாகப் பார்க்கலாம். யூனிட்டுக்குள் வரும் சிறு சொற்களையும் விடாதீர்கள். ஒரு தலைப்பின் பக்கத்தில் ‘எளிய கணக்குகள்’ என்று இருந்தால் வரையறையை மட்டும் மனப்பாடம் செய்து போவது போதாது.

இனி, பலருக்கும் தெரியாத ஒரு பகுதி. பாடத்திட்டத்தோடு ரெகுலேஷன் என்ற தனி ஆவணமும் உண்டு. வருகைப்பதிவு 75 சதவீதம், 2021 முறையில் எழுத்துப் பாடத்துக்கு உள்மதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60 என்பதோடு மாணவர்கள் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆவணத்தில் வகுப்புக் குழு பற்றிய விதி இருக்கிறது. வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களும் மாணவர் பிரதிநிதிகளும் அதன் உறுப்பினர்கள். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியர் தலைவர். உள்தேர்வுகளின் தேதியையும், ஒவ்வொன்றுக்கும் பாடத்திட்டத்தில் எதுவரை என்பதையும் மாணவர்களுக்குத் தெரிவிப்பது அந்தக் குழுவின் கடமை. கூட்டக் குறிப்பைத் தலைவர் எழுதிக் கல்லூரி முதல்வருக்குக் கொடுத்து, மாணவர்களுக்கும் சுற்றுக்கு விட வேண்டும். நடத்திய தலைப்புகளை ஆசிரியர் பதிவேட்டில் எழுதிவர வேண்டும், துறைத்தலைவர் அதை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்பதும் விதிதான்.

இரண்டாம் ஆண்டில் நான் பிரதிநிதியாக இருந்தேன். ஒரு பாடத்தின் ஆசிரியர் செமஸ்டரின் நடுவே வேலையை விட்டுப் போனார். புதிதாக வந்தவர் நான்காம் யூனிட்டிலிருந்து தொடங்கினார். மூன்றாவது அந்தரத்தில் நின்றது. தேர்வு அறிவிப்பிலோ மூன்றாம் யூனிட்டும் இருந்தது. வகுப்பில் ஆளுக்கு ஆள் முணுமுணுத்தார்களே தவிர யாரும் கேட்கவில்லை. நாங்கள் பாடத்திட்ட நகலை எடுத்து, நடத்திய தலைப்புகளின் எதிரே தேதி எழுதினோம். நடத்தாதவற்றை வெறுமையாக விட்டோம். கூட்டத்தில் அந்தத் தாளை நீட்டி, “சார், இந்தத் தலைப்புகள் இன்னும் நடத்தப்படவில்லை, தேர்வுக்கு முன் நேரம் ஒதுக்கித் தர முடியுமா?” என்று கேட்டேன். யார் மீதும் குறை சொல்லவில்லை. தலைவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதையே குறிப்பில் சேர்த்துவிடுகிறேன் தம்பி” என்றார். சனிக்கிழமை வகுப்புகள் கிடைத்தன. வாய்வார்த்தையாகக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன். தேதியோடு கூடிய தாளுக்கு யாரும் கோபிக்க முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், செமஸ்டர் வினாத்தாள் தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒன்றுதான். அரூர்ப் பக்கத்து மாணவியும் கோயம்புத்தூர் மாணவனும் ஒரே நாளில் ஒரே கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்கள். உங்கள் வகுப்பில் ஆசிரியர் மாறியதோ பாடம் பாதியில் நின்றதோ வினாத்தாள் எடுப்பவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது அச்சிட்ட பாடத்திட்டம் மட்டுமே. நம் ஊர்ப் பிள்ளைகள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். அந்தப் பாடத்திட்டம் அவர்கள் கைக்குத் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

அரியர், அதாவது தேறாமல் நிற்கும் பாடம், வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ரெகுலேஷன் மாறிய பிறகும் உங்கள் அரியர் தாள் பழைய குறியீட்டிலேயே வரலாம், அல்லது அதற்கு இணையான புதிய பாடத்தை எழுதச் சொல்லலாம். தேர்வுக் கட்டணம் கட்டும்போதே எந்தக் குறியீடு என்று கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டு எழுதி வாங்குங்கள். படிப்பு முடிந்ததும் பாடத்திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது, படித்த பாடங்களின் முழுப் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையோடு கேட்பதுண்டு. இறுதியாண்டிலேயே எட்டு செமஸ்டருக்கும் நகலெடுத்து முத்திரை வாங்கி வைத்துவிட்டால், பின்னர் அதற்காக ஓசூரிலோ சென்னையிலோ வேலைக்கு விடுப்புப் போட்டு ஊருக்கு வர வேண்டியிருக்காது.