சுவரில் எழுதிய 8.8.8.8

2014 மார்ச் 20 இரவு துருக்கியில் ட்விட்டரை முடக்கினார்கள். முதலில் வெறும் டிஎன்எஸ் தடைதான்; அதாவது தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியை (இணையத்தில் அதன் எண்) சொல்லும் சேவையில் மட்டும் தடை. கூகுளின் டிஎன்எஸ் சேவையான 8.8.8.8-க்கு மாற்றினால் தளம் திறந்துவிடும். இஸ்தான்புல் சுவர்களில் அந்த எண்ணை ஸ்ப்ரே பெயின்ட்டில் எழுதியே வைத்தார்கள். அடுத்து ட்விட்டரின் ஐபி முகவரிகளை அடைத்தார்கள். அதைத் தாண்ட, வேறு நாட்டுக் கணினி வழியே சுற்றிப் போகும் விபிஎன்தான் வழி.

மார்ச் 29-இல் நடந்ததுதான் பெரிய கில்லாடித்தனம். இணையச் சேவை நிறுவனமான துருக்கி டெலிகாம், 8.8.8.8-க்குப் போகும் வழி (ரூட்) தன்னிடமே இருப்பதாக 8.8.8.8/32 என்று அறிவித்தது. /32 என்றால் அந்த ஒரே முகவரி. கூகுள் அறிவிப்பது /24, அதாவது 256 முகவரிகள் கொண்ட தொகுதி. தரவுக்கு வழி காட்டும் ரூட்டர் எப்போதும் குறுகலானதையே எடுக்கும். கேள்வி கூகுளுக்குப் போகவே இல்லை, பதில் மட்டும் கூகுள் முகவரியிலிருந்து வந்ததுபோல வந்தது. சாதாரண டிஎன்எஸ்-க்குக் குறியாக்கம் கிடையாது, பதில் சொல்வது யார் என்ற சரிபார்ப்பும் கிடையாது. கணினிக்குச் சந்தேகமே வராது. டிஎன்எஸ் கேள்வியை, குறியாக்கமும் எதிர்முனை யார் என்ற சரிபார்ப்பும் உள்ள ஹெச்டிடிபிஎஸ் வழியே அனுப்பினால் இந்த வித்தை பலிக்காது. ஆனால் அதன் பிறகு தளத்தோடு இணையும்போது, தொடக்கத்தில் எந்தத் தளம் வேண்டும் என்று உலாவி சொல்லும் எஸ்என்ஐ புலத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் அப்பட்டமாகத் தெரியும். அதைப் பார்த்தும் வெட்டலாம்.