"நீங்க கேட்டா சொல்லலாமா?"

போனில் இணையச் சேவைகளைப் பதிவுசெய்து தரும் எங்கள் முகாமில், ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்போதுதான் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தேன். "நீங்க கேட்டா சொல்லலாமா தம்பி?" என்றார் அந்த அம்மா. "நான் கேட்டா சொல்லலாம்மா" என்றேன். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

விதிப்படி அந்த எண்ணை அவரவரே போட வேண்டும். முதன்முதலாக ஸ்மார்ட்போனைத் தொடுபவர் குறுஞ்செய்தியைத் தேடித் திறப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும் என்பது முகாம் நடத்திய எவருக்கும் தெரியும். அதனால் நாங்களே கேட்டு வாங்கிப் போட்டுவிடுவோம். 2024இல்கூட உலகில் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்ததாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மதிப்பிட்டது. அதில் நாலு பேரையாவது உள்ளே கொண்டுவருகிறோம் என்றுதான் உழைத்தோம். அது பொய்யில்லை.

சில வாரம் கழித்து, முகாமிலிருந்து பேசுவதாக அந்த அம்மாவுக்கு ஓர் அழைப்பு. எண்ணைச் சொல்லிவிட்டார். சேமிப்பு மொத்தமும் போயிற்று.

"விழிப்புணர்வுக் குறைவு" என்று அறிக்கையில் எழுதினேன். எழுதியது நான்தான். இன்றுவரை உறுத்துவது அந்தச் சொல். கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவர் அவர். அவருக்கா விழிப்புணர்வு இல்லை?

நான் வேறு பதில் சொல்லியிருந்தாலும் ஏமாந்திருப்பார் என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொள்வேன். மோசடிக்காரர்கள் அவ்வளவு பக்குவமாகப் பேசுகிறார்கள். பணமும் அவர்கள் வாடகைக்கு எடுத்த பிறரது வங்கிக் கணக்குகள் வழியே கைமாறி, சில நிமிடங்களில் நாடே தாண்டிவிடுகிறது. இப்படி எல்லை தாண்டும் குற்றங்களை விசாரிப்பதில் நாடுகள் ஒன்றுக்கொன்று உடனே உதவத்தான் 2001இன் புடாபெஸ்ட் சைபர்குற்ற உடன்படிக்கையும், 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சைபர்குற்ற உடன்படிக்கையும் 24 மணி நேரமும் இயங்கும் தொடர்பு மையத்தை நாடுகளிடம் கேட்கின்றன. வேண்டியதுதான். ஆனால் அந்த ஏற்பாடுகள் எல்லாம் பணம் போன பிறகு தொடங்குபவை. கேட்டால் சொல்லலாம் என்ற பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியது என் மேசை.

இப்போது நான் யாரிடமும் எண் கேட்பதில்லை. அவரவரே போடும்வரை பக்கத்தில் நிற்கிறேன். ஒரு நாளில் முன்பு முடித்ததில் பாதிப் பேருக்குக்கூட முடிக்க முடியவில்லை. போன முகாமில் ஒரு பெரியவருக்கு மூன்று முறை எண் காலாவதியானது. "எனக்கு இது வேணாம்பா" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் கை நீட்டி வாங்கியிருந்தால் அரை நிமிட வேலை. அவர் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.