நேபோ மலைக்கு நான் கொண்டுபோன எண்ணெய்

யோர்தான் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்தது நேபோ மலையைத்தான். மாதாபா ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். மோசே, கர்த்தர் இஸ்ரவேலருக்கு வாக்குப்பண்ணின கானான் தேசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே போகாமலே 120 வயதில் மரித்த இடம். மேலே நின்றால் சவக்கடல், யோர்தான் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் எரிகோ, வானம் தெளிந்திருந்தால் எருசலேமும் தெரியும். நாங்கள் போன அன்று ஒரே புழுதி மூட்டம். எரிகோ இருக்கிற திசையை வழிகாட்டி கைகாட்டினார், நாங்களும் பார்த்துவிட்ட மாதிரி தலையாட்டினோம்.

என் பையில் ஒரு சின்ன எண்ணெய் பாட்டில் இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒரு போதகர் ஜெபித்துப் பூசிய எண்ணெய். சுகமானேன். கர்த்தர்தான் செய்தார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அப்புறம் அந்த பாட்டில் இல்லாமல் எந்தப் பயணமும் போகமாட்டேன் என்று ஆகிவிட்டது. வேலை மாறுவதா, வீடு வாங்குவதா, எதுவானாலும் முதலில் அந்தப் போதகருக்கு ஒரு போன். அவர் எடுக்காவிட்டால் நெஞ்சு படபடக்கும், ஆனால் நானே முழங்காலில் நிற்கலாம் என்று மட்டும் தோன்றவே தோன்றாது. பொருளாசையும் விக்கிரகாராதனைதான் என்று யாராவது பிரசங்கித்தால் சத்தமாக ஆமென் சொல்கிற ஆள் வேறு நான்.

மலைமேல் இருக்கிற ஆலயத்தைப் பிரான்சிஸ்கன் துறவிகள் பராமரிக்கிறார்கள், 1932இல் அவர்கள் வாங்கிய இடம். உள்ளே ஆறாம் நூற்றாண்டு மொசைக் தரை, வேட்டைக்காரர்களும் மிருகங்களுமாக அவ்வளவு அழகு. ஆனால் என் மனசெல்லாம் வெளியே நிற்கிற சிலுவை மேல்தான். வெண்கல சர்ப்பம் சுற்றிக்கொண்டிருக்கிற மாதிரி ஓர் இத்தாலியச் சிற்பி செய்தது. பாட்டிலை அதன்மேல் தொட்டு எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்பது என் திட்டம்.

எங்கள் குழுவில் வயதான அக்கா ஒருவர், அதன் அடியில் நின்று எண்ணாகமம் 21ஐ வாசித்தார். பாம்பு கடித்த ஜனங்கள் பார்த்துப் பிழைக்கும்படி மோசே வெண்கல சர்ப்பம் ஒன்றைச் செய்து கம்பத்தில் வைத்த பகுதி அது. முடித்துவிட்டு, "சரி, இந்தப் பாம்பு அப்புறம் என்ன ஆச்சு, தெரியுமா?" என்று கேட்டார். யாருக்கும் வாய் திறக்கவில்லை. 2 இராஜாக்கள் 18ஐத் திருப்பினார். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான், ஏனென்றால் அந்த நாள்வரைக்கும் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டி வந்தார்கள்.

பையில் விட்ட கை அப்படியே நின்றுவிட்டது. ஆரோன் செய்த பொன் கன்றுக்குட்டி மாதிரி இது ஜனங்களே கேட்டு வாங்கியது இல்லையே, கர்த்தரே செய்யச் சொன்னது, கடிபட்டவன் அதைப் பார்த்து நிஜமாகவே பிழைத்தான். என்றைக்கு முதல் தூபம் ஏறியது என்று வேதத்தில் இல்லை. எங்க தாத்தா இதைப் பார்த்துத்தான் பிழைத்தார் என்று யாரோ ஒருத்தி நன்றியோடு ஆரம்பித்திருப்பாள் என்று நினைக்கிறேன். என் கதையும் நன்றியில்தானே ஆரம்பித்தது.

மோசேயின் கல்லறை எங்கே என்று ஒருவனுக்கும் தெரியாது, கர்த்தரே அடக்கம்பண்ணினார் என்கிறது உபாகமம். தெரிந்திருந்தால் இந்த மலையில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வரிசையில் முதல் ஆளாக நான் நின்றிருப்பேன், கையில் பாட்டிலோடு.

அன்றைக்கே அதைத் தூக்கி எறிந்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். எறியவில்லை, பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்தும் மூன்று வாரம் அலமாரியில் அதே இடத்தில்தான் இருந்தது. இதற்கு நடுவில் வேலை விஷயமாக ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தது, போனை எடுத்து அந்தப் போதகரின் எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கீழே வைத்துவிட்டு நானே ஜெபித்தேன். வார்த்தை வராமல் திணறி, பாதியில் தூங்கியும்விட்டேன்.

போன வாரம் எங்கள் படுக்கையறைக் கதவு கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. எண்ணெய் ஏதாவது இருக்கிறதா என்று மனைவி கேட்டாள். அலமாரியைத் திறந்தேன்.