எச்எஸ்ஏ: பணம் போட முடிந்தவர்களுக்கான சீர்திருத்தம்

2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் எக்ஸ்சேஞ்ச் (அரசின் காப்பீட்டுச் சந்தை) வழியே வாங்கும் ப்ரான்ஸ் பிளான் (பிரீமியம் குறைவு, கைச்செலவு அதிகம்) எதுவானாலும் எச்எஸ்ஏவுக்கு, அதாவது மருத்துவச் செலவுக்காக வரி இல்லாமல் பணம் சேர்க்கும் கணக்குக்கு, தகுதி உண்டு. அதற்கு முன் டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை) எவ்வளவு எகிறினாலும், டாக்டரைப் பார்க்க முதல் நாளிலிருந்தே கோபே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் சிறு தொகை, மீதி காப்பீடு) வைத்திருந்தால் அந்த பிளானுக்குத் தகுதி கிடையாது. கணக்கில் போடக்கூடிய உச்சவரம்பு 2026இல் தனி ஆளுக்கு 4,400 டாலர், குடும்பத்துக்கு 8,750. வயது 55 ஆகிவிட்டால் கூடுதலாக 1,000.

ஆனால் யாருக்கு எவ்வளவு மிச்சம்? 4,400 முழுதும் போட்டால் 32% வரி கட்டுபவருக்கு 1,408 டாலர், 12% கட்டுபவருக்கு 528. கம்பெனி சம்பளத்திலேயே பிடித்துப் போட்டால் 7.65% பேரோல் வரியும் மிச்சமாகும். சொந்தமாக பிளான் வாங்குபவருக்கு அது இல்லை.

அவருக்கு வேறொரு வழி இருக்கிறது. 2026இல் தனி ஆளுக்குப் பிரீமியம் மானியம் 62,600 டாலர் வருமானத்தோடு அடியோடு நின்றுவிடும். 65,000 வருமானம் உள்ளவர் 4,400 போட்டால் கணக்கில் 60,600தான் நிற்கும். மானியம் கிடைக்கும் பக்கத்துக்கு வந்துவிடுவார்.

சிக்கல் பெரும்பாலும் தேதியில் வரும். கணக்கு தொடங்கும் முன் வந்த மருத்துவச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கக் கூடாது. 65 தாண்டி மெடிக்கேர் (முதியோருக்கான அரசு காப்பீடு) எடுத்தால் அதில் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டு அமலாகும். மெடிக்கேர் உள்ள மாதங்களுக்கு எச்எஸ்ஏவில் போடக் கூடாது என்பதால், அந்த மாதங்களுக்குப் போட்ட பணத்தை வெளியே எடுக்காவிட்டால் வருடா வருடம் 6% அபராதம். கணவன் அல்லது மனைவியின் ஆபீஸில் வழக்கமான எஃப்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கு வேலை வழியே வரி இல்லாமல் ஒதுக்கும் கணக்கு) இருந்தாலும் தகுதி போச்சு. கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் மாநில வரியில் இந்தச் சலுகையை ஏற்பதே இல்லை.

பிரீமியத்தைக் குறைக்க மாநிலங்கள் கையில் எடுத்த வழிகளில் எனக்கு உருப்படியாகத் தெரிவது ரீஇன்ஷூரன்ஸ். காப்பீட்டுச் சட்டத்தின் 1332ஆம் பிரிவில் மத்திய அரசிடம் விலக்கு வாங்கி, பெரிய பில்களில் ஒரு பங்கை மாநிலமே ஏற்கும், பிரீமியம் இறங்கும், அதனால் மத்திய அரசுக்கு மிச்சமாகும் மானியம் மாநிலத்துக்கே திரும்பும். அலாஸ்கா 2017இலேயே இதற்கு அனுமதி வாங்கியது. பலன் மானியம் இல்லாதவர்களுக்குத்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எச்எஸ்ஏ பாணியை ஏழைகளுக்கும் கொண்டுபோன மாநிலம் இண்டியானா: 2015இல் மெடிக்கெய்டிலேயே (குறைந்த வருமானத்தினருக்கான அரசு காப்பீடு) 2,500 டாலர் கணக்கு ஒன்றை வைத்தது. பெரும்பகுதி அரசு பணம்தான். வறுமைக் கோட்டுக்கு மேலே இருந்தவர் தன் சிறு பங்கை 60 நாளுக்குள் கட்டாவிட்டால், ஆறு மாதத்துக்குக் காப்பீடே கிடையாது என்பது அதன் விதி.