அரிச்சல்முனைக்குக் கிளம்பும் அம்பாசடரின் டிக்கி

இராமநாதபுரத்திலிருந்து பாம்பன் பாலம் கடந்து தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை பழைய பெட்ரோல் அம்பாசடரில் செல்வோர், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குரிய பொருள்களையே முதலில் எடுத்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து. உப்புக்காற்றின் ஈரம் அதன் மூடிக்குள் படிந்தால் தீப்பொறி தடுமாறும். ஆகவே அதனுள் இருக்கும் பாயின்ட் (மின்தொடர்பை இணைத்துத் துண்டிக்கும் முனைகள்), கண்டென்சர், ரோட்டார் ஆகியவற்றோடு, பாயின்ட் இடைவெளியை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டருக்குச் சரிசெய்ய ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), உப்புத்தாளும், உலர்ந்த துணியும் உடன் இருக்கட்டும்.

ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், தண்ணீர் கேன் ஆகியவை எவரும் அறிந்தவையே.

பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) வடிவமைப்பில் வந்த அந்த என்ஜினின் நட்டுகளுக்கு அங்குல அளவு ஸ்பேனர்களே சரியாகப் பொருந்தும். மில்லிமீட்டர் செட்டை மட்டும் நம்பிப் போனால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். (புதிய பட்டறைகளில் அங்குல ஸ்பேனர் கேட்டால் நம்மை வியப்பாகப் பார்ப்பார்கள்.)

தனுஷ்கோடிச் சாலையோர மணலில் ஜாக்கி புதையும் என்பதால், அதன் அடியில் வைக்க ஒரு தடித்த பலகைத் துண்டையும் மறவாமல் ஏற்றிக்கொள்ளுங்கள்.